சேலைத் திரைக்கு இந்தப் பக்கம்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்களை அழவைப்பதற்காகத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

1983. டெல்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் மாடி வீடு எங்களுடையது. கீழ்வீட்டில் அம்சவேணி. ஸ்கூட்டர் விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவு போய், பதினான்கு மாதமாகச் சக்கர நாற்காலியில் இருந்தாள். கதை எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? எழுதினேன்:

'ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அம்சவேணியின் ஏக்கம் நிறைந்த விழிகள்

(நிறுத்திவிட்டேன். அந்த ஜன்னலுக்கு வெளியே இருப்பது ஸ்கூட்டர் ஷெட். பூவாவது, மண்ணாவது!)

அந்தத் தாளை அவளிடமே காட்டிய அசடு நான். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏனுங்க்கா, நான் எப்ப ஏங்கினேன்? நாலு மணிக்கு ஒரு டம்ளர் காப்பி வேணும்னா, அதை நானே போட்டுக் குடிக்கோணும். அந்த அடுப்பு மேடையைக் கொஞ்சம் இறக்கினாப் போதுமுங்."

எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் அவளுடைய அடுப்படி வாசலோடு நின்றுவிட வேண்டும் என்றாள். உள்ளே நடப்பது அவள் சொந்த விஷயமாம். சரி என்று தலையாட்டினேன். கதை எழுதுகிறவள் கொடுக்கிற வாக்கு எவ்வளவு பெறும் என்று அவளுக்குத் தெரியாது.

2

மேடையை உடனே இறக்கவேண்டிய அவசரத்துக்குக் காரணம் அவள் அண்ணன் லட்சுமணன். கோபிச்செட்டிப்பாளையத்தில் வெல்ல மண்டி வைத்திருப்பவர். அவரிடமிருந்து கடிதம் வந்தது: மாப்பிள்ளை ஆபீஸ் போய்விட்டால் ஒரு வாய் தண்ணீருக்குக்கூட நீ அடுத்தவர் கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அடுத்த மாதம் வந்து ஊருக்கே கூட்டிப்போகிறேன். கெட்ட மனிதர் இல்லை. தங்கை மேல் உயிர். அதனால்தான் அவரை எதிர்ப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அம்சவேணி பதில் எழுதினாள்: வாருங்கள், காப்பி போட்டுத் தருகிறேன். யார் துணையும் இல்லாமல் போட முடியவில்லையென்றால் உங்களோடு ரயில் ஏறுகிறேன்.

அவள் கணவர் ஜோதிலிங்கத்தை எனக்கு எழுதவே வரவில்லை. மூன்று முறை எழுதி எழுதி அடித்துவிட்டேன். மனைவி போய்விடுவாளோ என்று மனிதருக்கு உள்ளுக்குள் உதறல். ஆனால் வாயைத் திறந்தால் ஆபீஸ் கோப்புதான் பேசும். 'போகாதே' என்ற ஒரு வார்த்தையை அவளிடம் சொல்ல வராமல், சமையலறை வாசலை ஒரு செங்கல் அகலம் இடிக்க அனுமதி கோரி மூன்று பக்க விண்ணப்பம் எழுதினார். நகல் எடுத்துத் தலையணைக்கடியில் வேறு வைத்துக்கொண்டார். காதல் கடிதம் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

3

அனுமதி வந்தது. கொத்தனார் காத்தவராயனும் வந்தார். விழுப்புரம் பக்கத்து ஆள். டெல்லிக்கு வந்து பத்து வருஷமாம். டேப்பை எடுக்கவே இல்லை. காற்றிலேயே சப்பாத்தி மாவு பிசையச் சொன்னார். அம்சவேணி நாற்காலியில் இருந்தபடி பிசைந்து காட்டினாள். அந்தக் கை உயரத்துக்குச் சுவரில் கரிக்கோடு போட்டார். மேடை இறங்கியது. முழங்கால் நுழைய அடியில் காலியாக விட்டார். சிலிண்டர் மூலைக்குப் போனது. அகலமான வாசலுக்குக் கதவு பொருந்தாததால் அவளுடைய பழைய பச்சைச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டார்கள்.

எல்லாம் முடிந்தது. அண்ணன் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. அம்சவேணி நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசல்வரை வந்தாள். நின்றுவிட்டாள்.

என்ன என்று ஜோதிலிங்கம் கேட்டார்.

"பால் பூத் வரைக்கும் ரோட்டுல போய்ட்டு வந்த சக்கரமுங்க இது. செருப்புக் காலோட அடுப்படிக்குள்ள போவாங்களா?"

உயரம், அகலம், முழங்கால் எல்லாம் யோசித்தோம். இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

(டெல்லியில் பிறந்த என் மகள் இதைக் கேட்டு, 'தோ க்யா ஹுவா, அதனாலென்ன?' என்றாள். அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. என் செருப்பும் அப்போது வாசலுக்கு வெளியேதான் கிடந்தது. 'அதெல்லாம் பரவாயில்லை, போ' என்று சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை.)

இந்த இடத்தில் ஒரு வீர வசனம் எழுதிப் பார்த்தேன்: 'ஆச்சாரங்களை உடைத்துக்கொண்டு அவள் சக்கரங்கள்

(அவள் உடைக்கவில்லை. அவளுக்கு உடைக்கப் பிடிக்கவில்லை. கதைக்காக அவளை மாற்ற நான் யார்?)

கணக்கைத் தீர்த்தவர் காத்தவராயன். சட்டியில் மிச்சமிருந்த சிமென்ட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"நாம கால் கழுவிக்கினு உள்ள போறோம் இல்ல? அதுக்கும் காலைக் கழுவிட்டாப் போச்சு."

வாசலுக்குக் குறுக்கே ஆழமில்லாத ஒரு தொட்டி வெட்டினார். இரண்டு பக்கமும் சரிவு. அதில் ஈரச் சாக்கு. மறுநாள் சிமென்ட் காய்ந்ததும் அம்சவேணி சாக்கின் மேல் முன்னும் பின்னும் நாலு முறை உருட்டினாள். பிறகு உள்ளே போனாள். தரையில் ஈரமாக இரண்டு கோடுகள் அவள் பின்னாலேயே போயின. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

4

ஞாயிற்றுக்கிழமை லட்சுமணன் வந்தார். சட்டைப் பையில் திரும்பிப் போக இரண்டு டிக்கெட். பிரம்பு மோடாவில் உட்கார்ந்தார். ஜோதிலிங்கம் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். சரியாக நாலு மணிக்கு அம்சவேணி சக்கரத்தை ஈரச் சாக்கில் உருட்டிக்கொண்டு திரைக்குள் போனாள். கொடுத்த வாக்கை மறந்து நானும் பின்னாலேயே எழுந்தேன்.

"அக்கா, நீங்களும் வெளிய இருங்க. உள்ள வந்தா நீங்களே டம்ளரை எடுத்துக் குடுத்துருவீங்க."

உட்கார்ந்தேன். தீக்குச்சி உரசும் சத்தம். பால் ஊற்றும் சத்தம். பிறகு ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. லட்சுமணன் பாதி எழுந்துவிட்டார்.

"அண்ணா, உக்காருங்க." உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

உட்கார்ந்தார். ஒரு கை சட்டைப் பையின் மேல் இருந்தது.

5

முடிவுகள் என்னிடம் கைவசம் இருக்கின்றன. அவர் டிக்கெட்டைக் கிழித்துப்போடுவது ஒன்று. (வெல்ல மண்டிக்காரர் கிழிக்க மாட்டார், ஸ்டேஷனில் திருப்பிக் கொடுப்பார்.) பால் பொங்கி வழிந்து, ஜோதிலிங்கம் கடைசியில் 'போகாதே' என்று வாய்விட்டுச் சொல்வது இன்னொன்று. இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு, அதனாலேயே அடித்துவிட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். வாசலோடு நிற்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு முறை எழுந்ததே போதும்.

நீங்கள் வாருங்கள். லட்சுமணனுக்குப் பக்கத்தில் ஒரு மோடா காலியாக இருக்கிறது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்காருங்கள். உள்ளே எது விழுந்தாலும் எழுந்திருக்காதீர்கள். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவள் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.