திரும்பி வரும்வரை

ஜூன் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கல்குவாரிச் சாலையிலுள்ள பிரசவ மையத்தில் ஒரே ஒரு மருத்துவச்சிதான் பணியில் இருந்தாள். மாற்றலாகிப் போனவளின் இடத்துக்கு ஆள் போடவில்லை.

முன்னறையில் குவாரித் தொழிலாளி ஒருவன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். உள்ளே அவன் மனைவிக்கு முதல் பிரசவம்.

"உக்காருய்யா. வலி அவளுக்கா, உனக்கா?" என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா. "துடைக்கத் துடைக்கத் தடம் வைக்கிறியே!"

அவன் அசட்டுச் சிரிப்போடு சுவரோரம் ஒதுங்கினான்.

உள்ளே, அவன் மனைவிக்குப் பக்கத்துக் கட்டிலில், காலையில் பிள்ளை பெற்றவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஊசி போட்டும் விரிப்பு நனைந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்ஸில் டிரைவர் மட்டும்தான் வந்தான். பெரியாஸ்பத்திரி வரை அவள் அடிவயிற்றை யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டே போகவேண்டும்.

"இவளையும் ஏத்திக்கலாம்ல சிஸ்டர்?" என்றான் குவாரிக்காரன்.

"ஒரு படுக்கைதாம்ப்பா. இன்னொரு வண்டி ரிப்பேர்ல நிக்குது."

மருத்துவச்சி கையுறையை மாற்றிக்கொண்டு அவன் மனைவியைப் பரிசோதித்தாள். "கர்ப்பவாய் இன்னும் முழுசாத் திறக்கலம்மா. இப்பவே முக்கினா வீங்கி அடைச்சிக்கும். நான் வந்து சொல்ற வரைக்கும் முக்காதே. வலி வரும்போது வாயால மூச்சை ஊதிக்கிட்டே இரு."

"சரிங்க சிஸ்டர்."

மருத்துவச்சி ரத்தப்போக்குக்காரியோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனாள்.

வெயில் ஜன்னலைத் தாண்டி எதிர்ச்சுவருக்குப் போனது.

"முக்கணும்போல இருக்கு ஆயா. தாங்கல."

"வேணாம் கண்ணு. சிஸ்டர் சொல்லிட்டுத்தானே போனாங்க? ஊது."

அவள் ஊதினாள். கட்டில் கம்பியைப் பற்றிய விரல்கள் வெளுத்துப்போயின. புருஷன் விடாமல் போன் அடித்தான். ஆம்புலன்ஸில் மருத்துவச்சியின் பைக்குள் அது அடித்து ஓய்ந்தது. அவளுடைய இரண்டு கைகளும் இன்னொருத்தியின் வயிற்றின்மேல் இருந்தன.

நோயாளியை ஒப்படைக்க டாக்டருக்காகக் காத்திருந்து, திரும்ப வண்டியில்லாமல், ஜல்லி லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தாள். குழந்தையின் தலைமுடி வெளியே தெரிந்தது. இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள்.

"நான் முக்கவே இல்ல சிஸ்டர்." கடித்துக் கடித்து அவள் உதடு கிழிந்திருந்தது. "நீங்க சொன்னபடியே இருந்தேன்."

"இப்ப முக்கும்மா," என்றாள் மருத்துவச்சி.

ஆண் குழந்தை. அழவில்லை.

ரத்தப்போக்குக்காரி பிழைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை குவாரிக்காரன் வேலைக்குப் போனான். அன்று அவன் மனைவிக்குப் பால் கட்டிக் காய்ச்சல் கண்டது. மார்பைத் துண்டால் இறுக்கிக்கொண்டு மையத்துக்கு வந்தாள். மருத்துவச்சி வேறொருத்தியோடு ஆம்புலன்ஸில் போயிருந்தாள்.