நடுக்கோட்டுக்கு ஓடியவன்

கை தூக்க முடியாதவன் கொடி பிடிக்கப் போயிருக்கக் கூடாது. அது அவனுக்கு ஆட்டத்தன்று காலையிலேயே தெரியும்.

முந்தின நாள் சிமெண்ட் குடோனில் ஆள் குறைவு. மூன்று லாரி ஏற்றுகிற கூட்டம் ஐந்து லாரி ஏற்றியது. ஐம்பது கிலோ மூட்டையை வாங்கிப் பலகையில் ஏறி ஏறி, கடைசி லாரியில் வலது தோளுக்குள் கயிறு அறுந்த மாதிரி ஒரு வலி. வெளியே சொல்லவில்லை. தோள் போனவனை மேஸ்திரி திட்டமாட்டார். மறுநாள் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், அவ்வளவுதான்.

குடோனில் அவனுக்குக் கொடி என்றே பேர். ஞாயிறு தவறாமல் மச்சானோடு மைதானத்துக்குப் போய்க் கோட்டோரம் கொடியோடு ஓடுகிறவன். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வாரமெல்லாம் லேத் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை கால்பந்து நடுவராக விசில். பதினாறு வருஷமாக ஊதுகிறார். அடுத்த மாதம் பெரிய லீக்கில் ஊதப் போகிறவர்கள் பட்டியலில் அவர் பேரும் இருந்தது.

அந்த ஆட்டம் முடிய நான்கு நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. டிரா ஆனால், குடோனுக்கு வரும் லாரிக்காரர் ஒருவரின் டீம் இந்த டிவிஷனில் தங்கும். தோற்றால் கீழே போகும். எதிரணிக்காரன் ஒருவன், பந்து கிளம்பும்போதே கடைசித் தடுப்பாளனைத் தாண்டி இரண்டு எட்டு உள்ளே நின்றான். கண் உள்ள எவனும் ஆஃப்சைடு என்பான். கொடியைத் தூக்கினால் கோல் செல்லாது. கொடி வலது கையில். கை நெஞ்சு வரை வந்து, சுவரில் முட்டிய மாதிரி நின்றுவிட்டது. இடது கைக்கு மாற்றினான். அதற்குள் பந்து வலைக்குள்.

மச்சான் திரும்பி அவனைப் பார்த்தார். விசில் உதட்டில் இருந்தது, ஊதவில்லை. அப்போதும் தூக்கியிருக்கலாம், இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிந்தித் தூக்கினால் ஏன் பிந்தியது என்பார்கள். பதில் சொன்னால் தோள் வெளியே வரும். தோள் வந்தால் வேலை போகும். தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓடினான். லைன்ஸ்மேன் அப்படி ஓடினால் கோல் செல்லும் என்று அர்த்தம். மச்சான் ஊதினார்.

"தடுப்பாளன் மறைச்சிட்டான் மச்சான், எனக்குத் தெரியலை" என்றான் அன்று சாயங்காலம்.

"விடு மாப்ளே, எவனுக்கும் நடக்கறதுதான்."

மச்சான் அதையே ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போதாக்குறைக்கு, நான் நின்ற இடமும் சரியில்லை என்று தன் தலையிலும் ஒரு வரியை ஏற்றிக்கொண்டார்.

யாரோ செல்போனில் பிடித்த வீடியோ கைக்குக் கை போனது. அந்த இரண்டு எட்டு அதில் பளிச்சென்று தெரிந்தது. இவன் படத்திலேயே இல்லை. மச்சான் முகம்தான் நடுவில். பட்டறை வாசலில் நின்று "ஆஃப்சைடு!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். மச்சானின் மகளிடம் பள்ளியில், "உங்கப்பா வெலை போயிட்டாராமே?" என்று கேட்டார்கள்.

"எங்கண்ணன் சரியாவே சாப்பிடறதில்லையாம்" என்றாள் மனைவி. "நீங்க கூடவேதானே நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டேன்."

"என்னத்தைச் சொன்னீங்க?"

"தெரியலைன்னு."

"நல்லாச் சொன்னீங்க, போங்க."

குடோனில் இடது தோளிலேயே மூட்டை சுமந்து சமாளித்தான். பதினோராம் நாள் விசாரணை. கால்பந்துச் சங்கத்து அறை ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருந்தது. ஒரு நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கைப்பிடி உடைந்த பழைய கோப்பை ஒன்று. தலைவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். புகார் கொடுத்தது தோற்ற டீமின் கோச்சான லாரிக்காரர். தினமும் குடோனுக்கு லோடுக்கு வருகிறவர். அவர் எதிரில் வாயைத் திறந்தால் காலையில் மேஸ்திரி காதுக்குப் போய்விடும்.

"ஐயா, என் டீம்ல ஒருத்தன் பெனால்டியை வெளிய அடிச்சான், ரெண்டு மேட்ச் உக்கார வெச்சேன்" என்று ஆரம்பித்தார் லாரிக்காரர். "நான் வண்டியைச் சுவத்துல இடிச்சா லைசென்ஸைப் புடுங்கறாங்க. இவங்க மட்டும் ஊதிட்டு, குளிச்சிட்டு, வீட்டுக்குப் போயிடுவாங்க. கேட்டா, மனுஷக் கண்ணு, தப்பு நடக்கும்பாங்க. அப்போ நாங்கெல்லாம் என்ன, மாடா?"

யாரோ சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

"அவர் கேக்கறது நியாயம். தண்டனை குடுங்க. ஆனா கண்ணு ஏமாந்ததும் ஆளு ஏமாத்தினதும் ஒண்ணில்லீங்க. நான் யாரையும் ஏமாத்தலை. அதை மட்டும் எழுதிடுங்க."

இவனுக்குக் காது சுட்டது.

"ஒரு வருஷம் விசில் கிடையாதுன்னு கமிட்டி நினைக்குது" என்றார் தலைவர். "லைன்ஸ்மேன் ஏதாவது சொல்லணுமா?"

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"தெரிஞ்சுது" என்றான்.

"என்னப்பா தெரிஞ்சுது?"

"ஆஃப்சைடு. நல்லாவே தெரிஞ்சுது. கை மேல வரலை. முதல் நாள் மூட்டை தூக்கினதுல தோள்பட்டை போச்சு."

லாரிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அட கொடி! அன்னைக்குக் கடைசியா என் வண்டிக்குத்தானே ஏத்தினே? என் லோடை ஏத்திட்டு வந்து எனக்கே கோல் வாங்கிக் குடுத்தியா?"

இந்த முறை அவரே சிரித்துவிட்டார். அறை இளகியது. உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவனை என்ன செய்வது என்ற மாதிரி தலைவர் பேனாவை மூடினார். அத்தோடு விட்டிருந்தால் இவன் தப்பித்திருப்பான். மச்சான் மட்டும் முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"அப்புறம் ஏன் மாப்ளே நடுக்கோட்டுக்கு ஓடினே?"

கீழே கடையில் கம்பி இறக்கும் சத்தம் கேட்டது.

"கால் நல்லாத்தானே இருந்துச்சு? உன் காலைப் பாத்துதான் நான் ஊதினேன்."

தோளைப் பற்றிச் சொன்னபோது இத்தனை கஷ்டமாக இல்லை.

"வேலை போயிடும்னு பயந்துட்டேன் மச்சான்."

"அன்னைக்கா?"

"அன்னைக்கும். இந்தப் பதினோரு நாளும்."

இவனுக்கு ஆயுசுக்கும் கொடி கிடையாது என்று முடிவானது. மச்சானின் ஒரு வருஷம் மூன்று மாதமாகக் குறைந்தது. விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு அது. மூன்று மாதமானாலும் பெரிய லீக் அடுத்த மாதமே. கோல் கோலாகவே இருந்தது. லாரிக்காரரின் டீம் கீழே போனது போனதுதான்.

படியில் லாரிக்காரர் நிறுத்தினார். "காலையில நான் வர்றதுக்குள்ள மேஸ்திரிகிட்ட நீயே சொல்லிடு. அந்தத் தோளோட பலகை ஏறி எவன் தலையிலயாவது மூட்டையைப் போட்டா யாரு பதில் சொல்றது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மச்சான் வண்டிப் பக்கம் நின்று, துடைத்த ஹெல்மெட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க மச்சான்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நானே உன்னை மறைச்சிருப்பேன்டா. அதுவும் தப்புதான். ஆனா மறைச்சிருப்பேன்." ஹெல்மெட்டை மாட்டினார். "தங்கச்சிகிட்ட நீயே சொல்லு. உனக்காக நான் எழுதினது போதும்."

"நான் நடந்தே வரேன்."

"சரி" என்றார். ஏறு என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை.

வீடு மூன்று கிலோமீட்டர். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தான். தோளிலிருந்து ஆரம்பித்தால் அவள் ஐயோ பாவம் என்று தைலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். காலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.