மருந்துக் கை

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அறை வெடித்து ஆறு பெண்கள் செத்தார்கள். நான்கு பேரை நகையை வைத்தும் சேலையின் மிச்சத்தை வைத்தும் வீட்டார் கண்டுகொண்டார்கள். மிச்சம் இரண்டு உடல்கள். ஒன்று ரோஜாவின் அம்மா சோலையம்மாள், மற்றது பக்கத்துத் தெரு இருளம்மாள். எது யார் என்று சொல்வதற்காகத்தான் மறுநாள் காலை ரோஜாவையும் அவள் அப்பா இருளாண்டியையும் விருதுநகரில் பிணவறை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. கைகள் மட்டும் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்ததால் கருகாமல் தப்பியிருந்தன. ஒருத்திக்கு இடது மோதிரவிரலில் நுனி இல்லை, மற்றவளுக்கு வலது மோதிரவிரலில். இரண்டும் ஆறிப்போன பழைய காயங்கள். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அந்த வட்டாரத்தில் பத்து விரலும் முழுசாக உள்ள கையைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

"எடது கைதான் தாயி," என்றார் இருளாண்டி. சேதி கேட்டதிலிருந்து குடித்துக்கொண்டிருந்தார். வாடை இன்னும் போகவில்லை.

"நீ சும்மா இருப்பா. ஒனக்கு என்னிக்கு எது நெனப்புல இருந்திருக்கு?" என்று ரோஜா செல்போனை எடுத்தாள்.

அவள் சென்னையில் நுண்கலைப் புகைப்படம் படிக்கிறாள், முதுகலை கடைசி வருடம். போட்டோ பிடிக்க எதற்குப் பல்கலைக்கழகம், கல்யாண வீட்டில் பிடிக்கிறவன் எந்தக் கல்லூரிக்குப் போனான் என்று ஊரே கேட்டது. சோலையம்மாள் மட்டும் கேட்கவில்லை. ஆறு மாதமாக, மகள் லீவில் வரும்போதெல்லாம், வெடிமருந்து படிந்து வெள்ளியாக மினுங்கும் கைகளை வேலை விட்டு வந்ததும் கழுவாமல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். 'மருந்துக் கை' என்ற அந்த வரிசையில், நுனியில்லாத மோதிரவிரல் தெரியும் ஒற்றைக் கையின் படம் பல்கலைக்கழகக் கண்காட்சியின் நடுச்சுவரில் தொங்கியது. அதைத்தான் ரோஜா இப்போது இன்ஸ்பெக்டரிடம் காட்டினாள்.

"வலது கை," என்றார் அவர். "நல்லாத் தெரியுமாம்மா? சந்தேகம்னா டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். பதினஞ்சு நாளாகும்."

"போட்டோ பொய் சொல்லுமா சார்?"

புகைப்படம் சாட்சியல்ல, எடுத்தவரின் விருப்பம் என்று ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதியவள் இவள்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? பெற்றவளைப் பதினைந்து நாள் அங்கே போட்டுவைக்க அவளுக்கு மனசில்லை, அவ்வளவுதான். இருளாண்டி இன்னொரு உடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் கொள்ளியும் வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் காடாத்துக்குச் சுடுகாடு போய் எலும்பும் சாம்பலும் எடுத்து வந்தார். அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டு அச்சுக்கடையிலிருந்து போன் வந்தது. அம்மாவின் முகம் எங்காவது இருக்கிறதா என்று ரோஜா மடிக்கணினியைத் திறந்து தேடினாள். கைகள், கைகள், எல்லாம் கைகள். நடுவில் அந்தக் கண்காட்சிப் படத்தின் அசல் வந்தது.

அசலில் அது இடது கை.

எல்லாம் நினைவு வந்தது. கை இடப்பக்கமிருந்து உள்ளே வந்தால் பார்வை தடங்கலில்லாமல் ஓடும் என்று அவளுடைய ஆசிரியர் அருள்பிரகாஷ் சொன்னார். சரிதான் சார் என்று ஒரே சொடுக்கில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிவிட்டாள். அந்தப் படத்துக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண்.

"யப்பா, நீ சொன்னதுதான் சரி," என்றாள்.

இருளாண்டி கத்தவில்லை. "வெரல் போன அன்னிக்கு அவளுக்குக் கட்டுப் போட்டவனே நாந்தான தாயி. எனக்குத் தெரியாதா? படிச்ச புள்ள நீ அம்புட்டு உறுதியா சொல்லவும், குடிகாரப் பயலுக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு நெனச்சுட்டேன்."

அந்நேரம் பக்கத்துத் தெருவில் கொட்டுச் சத்தம் எழுந்தது. இருளம்மாளின் மகன் பிரபாகரன் திருப்பூரிலிருந்து வந்து, மிச்சமிருந்த உடலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தான். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று ரோஜா நினைத்தாள், நினைக்கத்தான் செய்தாள். யார் வைத்தாலும் தீ தீதான், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அம்மா அங்கே இன்னொருத்தியின் பெயரில் கிடக்கிறாள். அவள் எழுந்து நடந்தாள்.

பிரபாகரன் அவளைக் கண்டதும் கும்பிட்டு அழுதான். "வா ரோசா. ஒன் போட்டோ மட்டும் இல்லன்னா எங்கம்மா அனாதையா அங்கனயே கெடந்திருக்கும்."

"அண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன். இது எங்கம்மா."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் அசல் படத்தைக் காட்டி, தான் திருப்பியதைச் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். கொட்டு நின்றுபோயிற்று.

"அப்ப எங்கம்மா எங்கன?" என்று கேட்டான்.

ரோஜாவின் பின்னாலேயே வந்த இருளாண்டி அவளை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். வாயில் துணி கட்டிய ஒரு சின்ன மண்கலயத்தை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார்.

"ஏலே பிரபாகரா," என்றார். "இம்புட்டுத்தாம்லே இருக்கு."

பிரபாகரன் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.