நீர்நாய்க்காரர் நடந்த விதம்

சினிமாவில் நடப்பது நடிகர்கள். நடக்கிற சத்தம் என்னுடையது. ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையைப் பார்த்தபடி மணல் பெட்டியிலும் மரப்பலகையிலும் நான் நடப்பதைக் கேட்டுத்தான் கதாநாயகன் வருகிறான் என்று விசிலடிக்கிறீர்கள்.

இந்த முறை படம் நீர்நாய்க்காரரைப் பற்றியது. ஓர் ஆற்றின் நீர்நாய்களை வலையிலிருந்தும் வேட்டையிலிருந்தும் காப்பாற்றவே வாழ்ந்தவர். ஒரு வெள்ளத்தில் குட்டிகளைக் கரையேற்றப் போய்த் திரும்பாதவர். அவருக்குக் கனமான பூட்ஸ் சத்தம் வேண்டும் என்றார் இயக்குநர். அப்படித் தடதடவென்று நடந்தால் எந்த நீர்நாய் நிற்கும்? நிஜத்தில் எப்படித்தான் நடந்திருப்பார் என்று மண்டை குடைந்தது. அவர் மனைவியையே வரவழைத்துவிட்டேன்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து காட்டினார். முதலில் பாதத்தின் வெளி ஓரம், பிறகுதான் குதிகால். வீட்டிலும் மனுஷன் இப்படித்தானாம். பூனை மாதிரிப் பின்னால் வந்து நிற்பாராம்; இவர் திடுக்கிட்டுப் பால் பாத்திரத்தைக் கீழே போடுவாராம். விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு கடைசி விடியற்காலைக் காட்சியைப் போட்டேன். கணவர் ஆற்றுக்குக் கிளம்புகிறார். மனைவியாக நடித்தவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிறாள். அவளுக்குச் சீரான உறக்க மூச்சு சேர்த்திருந்தேன். நல்ல வேலை என்ற கர்வம் வேறு.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. புருஷன் சாகப் போனதுகூடத் தெரியாமல் தூங்கினவள் என்று ஊர் பேசியிருக்கிறது. நரம்பில்லாத நாக்கு. இப்போது படமும் அதையே சொல்கிறது.

"நான் ஒருநாளும் தூங்கினதில்லம்மா," என்றார். "சத்தமில்லாமப் போறதா அவருக்கு ஒரு நெனப்பு. நான் கண்ணைத் தெறந்தா உக்காந்து சமாதானம் சொல்ல ஆரம்பிச்சுடுவார், போற வேலை கெட்டுடும். அதான் மூச்சை அடக்கிட்டுக் கெடப்பேன்."

இயக்குநரைக் கூப்பிட்டு அந்தக் காட்சியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். படத்தொகுப்பு முடிந்துவிட்டது, ஒரு ஃபிரேமைக்கூடத் தொட முடியாது என்றார். சரி, காட்சி அவர் கையில். சத்தம் என் கையில்தானே?

உறக்க மூச்சை அழித்தேன். மைக்குக்குக் கீழே பாய் விரித்து அந்த அம்மாவைப் படுக்கவைத்தேன். திரையில் கணவர் எழுந்தார், சட்டை மாட்டினார், வெளியே போய்க் கதவைச் சாத்தினார். இவர் மூச்சு விடவில்லை. காட்சி மாறி ஆறே வந்துவிட்டது. எனக்குப் பயமாகி, விடுங்கள் என்று கையைக் காட்டினேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். ஆற்றுக் காட்சியின் நடுவில்தான் அந்த மூச்சு வெளியே வந்தது.

"தெருமுனை திரும்பற வரைக்கும் விடமாட்டேன்," என்றார் எழுந்து உட்கார்ந்து. "வாசல்ல நின்னு கேட்டார்னா?"

மறுநாள் எல்லா ஒலிகளையும் சேர்க்கும்போது இயக்குநர் அங்கே நிறுத்தச் சொன்னார். ஆற்றின் மேல் கேட்பது காற்றா என்றார். நீர்நாய்க்காரர் மனைவியின் மூச்சு, அந்த அம்மா தூங்கவே இல்லை என்றேன்.

இன்னொரு முறை போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அந்த இடத்தில் வாசித்திருந்த வயலினை எடுத்துவிடச் சொன்னார்.