ஈயத்தோடு ஒரு பேரம்

பாவாடையிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் விருத்தாசலத்தில் குறைவு. கம்பெனிகள் கழித்துப்போட்ட பீங்கான் கோப்பைகளைக் கூடைக்கணக்கில் வாங்கி, கறை போகப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, பெண்ணாடம் பக்கம் கொண்டுபோய் முதல்தரம் என்று சாதித்து விற்றுவிடுவான்.

அவன் மகள் இனியாவுக்கு நான்கு வயதில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். அடுத்த பீங்கான் பட்டறையின் ஈயம் கலந்த மெருகுக் கழிவு அவர்கள் கிணற்றோரம்தான் தேங்கியது. குழாய்த் தண்ணீர் அந்தத் தெருவரைக்கும் வந்ததில்லை.

கல்லூரி ஆராய்ச்சி மாணவன் அறிவழகன் ஒரு சுட்ட மண் வில்லையைப் பானைக்குள் பொருத்திக் கொடுத்தான். ஈயம் வில்லையின் மேல் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் சுத்தமாக இறங்கும் என்றான். நம்பிக்கைக்காகத் ஈயத்தை அளக்கும் தன் கருவியின் மின்முனையைத் தண்ணீரில் விட்டும் காட்டினான். கிணற்றுத் தண்ணீருக்குத் திரையில் கோடு மேடாக எழும்பியது. வடித்த தண்ணீருக்குப் படுத்துவிட்டது. பாவாடையின் மனைவி பானுமதி திரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அதன்பிறகு குழந்தைக்கு அந்தத் தண்ணீர் மட்டும்தான். பேச்சு திரும்பவில்லை, வயிற்றுவலி கூடியது. மறுபடி வந்த அறிவழகன் வடித்த தண்ணீரில் மின்முனையை விட்டான். கோடு கிணற்று மேட்டையும் தாண்டி எழும்பியது.

"இன்னா சார், மிஷினு கோளாறா?"

"இல்லைங்கண்ணே. வில்லைய ஏதாச்சும் பண்ணீங்களா?"

"பண்ணாம? செவசெவன்னு கறை ஏறுது சார். வாரத்துக்கு ஒரு வாட்டி புளித்தண்ணியில ஊறவச்சுத் தேச்சுடுவேன். எடுத்துப் பாருங்க, நீங்க குடுத்தப்பகூட இம்மாம் பளிச்சுன்னு இல்ல."

அறிவழகன் பார்க்கவில்லை. "புளிப்பு பட்டா, ஒட்டுன ஈயம் கழண்டுக்குங்கண்ணே. வில்லையில ஊறியிருக்கிற புளிப்பு, அடுத்து ஊத்துற தண்ணியில அத்தனையையும் எறக்கிவுட்டுடும்."

"எறங்கி எங்க போச்சு?"

"எங்க போச்சாமே!" என்றாள் பானுமதி. "நீதான தேச்ச? நீதான தெனம் மொண்டு குடுத்த? பெரிய யாவாரி!"

பாவாடை சந்தைக் குரலை வரவழைத்துக்கொண்டான். "இனிமே புளியத் தொடமாட்டேன் சார். புள்ளைக்குச் சரியாயிடுமில்ல?"

"எலும்புல ஏறுனது லேசுல எறங்காதுண்ணே. மூளையில பட்டது..."

"முழுசா கேக்கல சார். பாதி?"

அறிவழகன் ஒயரைச் சுருட்டினான்.

"கால்வாசின்னு சொல்லுங்க, முடிச்சுக்கலாம்."

இனியா வந்து பானையைக் கைகாட்டினாள். தாகம். பானுமதி பானையைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், டம்ளரை எடுக்காமல் நின்றாள்.