ஹாம்பர்க் கொடியும் பகல் முறையும்

சனி, ஞாயிறு லீவுக்கு ஹாம்பர்க் போகிறேன் என்று ஜெர்மனியில் படிக்கும் மகள் அனுசுயா போனில் சொன்னதும், குளிருக்குச் சட்டை எடுத்துக்கொண்டாயா என்று முனீஸ்வரி கேட்கவில்லை.

"அங்கன நம்ம திராட்சைக் கொடி இருக்கான்னு பாத்துட்டு வா" என்றாள்.

"எம்மா, நான் ஊரு சுத்தப் போறேன். கப்பல் பாக்கணும். கொடி தேடவா போறேன்?"

"கப்பல் எங்கயும் போயிராது. எனக்குப் பகல் முறை வேணும்."

அனுசுயாவுக்கு அந்த விவகாரம் தெரியும். அனுமந்தன்பட்டியில் அவர்கள் தோட்டத்துக்கும் பெரியப்பா ராஜபாண்டியின் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. ஒரு வாரம் அண்ணனுக்குப் பகலில் தண்ணீர், தம்பிக்கு ராத்திரியில். மறுவாரம் மாற்றி. அனுசுயாவின் அப்பா சுந்தரலிங்கம் இருந்தவரை அந்த முறை பிசகியதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் தோட்டக்கலை அதிகாரி ஒருவர் வந்து, நம்முடைய பன்னீர் திராட்சைக்கு வெளியுலகத்தில் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று பேர் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சுந்தரலிங்கத்துக்கு ஹாம்பர்க் சம்பந்தி வீடு இருக்கிற ஊர் மாதிரி ஆகிவிட்டது. அங்கே வீட்டுக்கு வீடு பந்தல் போட்டிருப்பார்கள் என்றார். ராஜபாண்டி சிரித்தார். அது கப்பல் வந்து நிற்கிற ஊர், பனியில் கொடி கருகிப்போகும் என்றார். பேச்சு முற்றி, பழம் வெட்ட வந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் பந்தயமாகிவிட்டது. அங்கே நம்ம கொடி இருந்தால் பகல் முறை முழுக்கத் தம்பிக்கு. இல்லையென்றால் அண்ணனுக்கு.

போய்ப் பார்க்க ஆளில்லாமல் பந்தயம் தொங்கிக்கொண்டே இருந்தது. போன தை மாதம் சுந்தரலிங்கம் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த வாரமே ராஜபாண்டி மோட்டார் ரூம் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "தம்பி நிரூபிக்காமலே போயிட்டான். பகல் முறை எனக்குத்தான். பொழுது சாஞ்சதும் சாவி தாரேன், நீயும் வெயில்ல வாடாம ராத்திரி பாய்ச்சிக்க, ஆத்தா" என்று கரிசனமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து முனீஸ்வரி ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் மண்வெட்டியுமாக, பாம்புகளுக்கு வழிவிட்டு நடந்துகொண்டிருந்தாள். பகல் முறையைக் கேட்டால் கொடுத்திருப்பார். கேட்கத்தான் அவளுக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வெட்டு. வெட்டுக்காரப் பெண்களுக்குத் தலைவி ஜக்கம்மா. டீ குடிக்கிற நேரம் பார்த்து, முனீஸ்வரி பழப்பெட்டியின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு வேலிப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"மாமா! அனுசு ஆம்பர்க்ல நிக்கிறா. வந்து பாருங்க."

ராஜபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். திரையில் மழை தூறியது. சாம்பல் நிறத் தண்ணீர், பெரிய பெரிய கிரேன்கள், ஒரு கப்பலின் முதுகு.

"பாத்தியா? தண்ணியும் இரும்பும். இதுல கொடி எங்கன நிக்கும்?"

"பெரியவுக பாஸ்போர்ட் இல்லாமலே போய்ப் பாத்துட்டு வந்திருக்காக" என்றாள் ஜக்கம்மா.

அடுத்துத் திரையில் ஒரு சந்தை வந்தது. அங்கே ஒரு கடையில் கறுப்புத் திராட்சை குவிந்திருந்தது. அனுசுயா கடைக்காரரிடம் கேட்டாள். இத்தாலியில் விளைந்ததாம்.

"இத்தாலி! எல்லாரும் கேட்டுக்கங்க" என்று ராஜபாண்டி பெண்களைப் பார்த்துக் கை உயர்த்தினார்.

முனீஸ்வரி போனுக்குக் கிட்டே குனிந்தாள். "இன்னும் கொஞ்சம் நட, தாயி."

"காலு வலிக்குதும்மா. காலையில இருந்து ஒரு காபிகூடக் குடிக்கலை."

"ஒங்கப்பா வாக்கைக் காப்பாத்திட்டுக் குடி."

படம் ஆடி ஆடி ஏதோ படிக்கட்டில் ஏறியது. துறைமுகத்துக்கு மேலே ஒரு சரிவு. கம்பிவேலி. வேலிக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி.

"பெரியப்பா!" என்று அனுசுயா கூவினாள்.

பெட்டியைச் சுற்றித் தலைகள் முட்டிக்கொண்டன. ராஜபாண்டி கண்ணாடியை மாட்டினார்.

"பந்தலையே காணோமே. தக்காளிக்குக் குச்சி நட்ட மாதிரியில்ல நிக்குது. இது நம்ம கொடி இல்ல."

"பந்தல் இல்லாட்டி கொடி இல்லைன்னு ஆயிருமா? கூரை இல்லாதவன் மனுசன் இல்லையாக்கும்?" என்றாள் ஜக்கம்மா.

"காயைக் காட்டு" என்றாள் முனீஸ்வரி. பட்டாணி அளவில் பச்சையாக இருந்தது.

"எந்தத் திராட்சையும் பிஞ்சுல பச்சைதான்" என்று ராஜபாண்டி அதையும் தட்டிவிட்டார்.

அனுசுயா போனை வேலியோரத்து இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ராஜபாண்டியின் முகம் மாறியது. பெட்டியிலிருந்த போனைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

"ஏத்தா, இன்னும் கிட்டக் காட்டு. அடியில, அடியில. அடப் பாவி, சாம்பல் நோய்! எவன் இந்தத் தோட்டக்காரன்? காத்துப் போக இடம் விட்டானா பாரு. கொப்பைக் கழிக்கச் சொல்லு, கந்தகம் அடிக்கச் சொல்லு. போன வருசம் நம்ம கொடிக்கும் இப்படித்தானே வந்துச்சு? இன்னும் கொஞ்ச நாள் விட்டான்னா கொத்துப் பூராவும் வெடிச்சுப் போகும்!"

முனீஸ்வரி மெல்லக் கேட்டாள்: "நம்ம கொடி இல்லைன்னா வெடிச்சா வெடிச்சிட்டுப் போகுது. நீங்க ஏன் மாமா பதறுறீக?"

ராஜபாண்டி போனைப் பெட்டிமேல் திருப்பி வைத்தார். வெட்டுக்கார அய்யம்மாளுக்குச் சிரிப்பில் டீ புரைக்கேறியது.

"சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்னாத்தான் இம்புட்டுப் பதறுவாக" என்றாள் ஜக்கம்மா.

ராஜபாண்டி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து முனீஸ்வரி கையில் வைத்தார். "இந்தா. ஆனா அந்தத் தோட்டக்காரன்கிட்டச் சொல்லிட்டுத்தான் அவ ரயில் ஏறணும்." விறுவிறுவென்று போய்விட்டார்.

பெண்கள் வெட்டுக்குத் திரும்பியதும் போனில் அனுசுயாவின் குரல் தணிந்து வந்தது. "எம்மா, இங்கன ஒரு போர்டு இருக்கு. இது வேற ரகமாம்."

"போர்டு எந்தப் பாஷையில இருக்கு?"

"ஜெர்மன்ல."

"அப்ப நமக்குத் தெரியாது. நீ போய்க் காபி குடி."

சுந்தரலிங்கமாக இருந்தால் அந்த நிமிஷமே வேலியைத் தாண்டி ஓடி, அண்ணனிடம் உள்ளதைச் சொல்லி, சாவியையும் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷன். முனீஸ்வரி மோட்டார் ரூமைத் திறந்தாள். உள்ளே போய் மோட்டாரைப் போட்டாள்.

வாய்க்காலில் தண்ணீர் வெயிலை வாங்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது வரிசை நிறைந்து, வரப்பு கசிந்து, பக்கத்துத் தோட்டத்துப் பக்கம் மெல்ல இறங்கியது.

"முனீஸ்வரி! உன் முறைத் தண்ணி என் கொடிக்கு வருது, மடையை அடை!" என்று அங்கிருந்து ராஜபாண்டி கத்தினார்.

"மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை மாமா!" என்று திருப்பிக் கத்திவிட்டு, மண்வெட்டியை வரப்பில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.