ஜூன் முதல் தேதிப் பிள்ளைகள்

ஜூன் முதல் தேதிக் காலையில், கரும்பலகையில் இடம் போதாமல் ஆதிகேசவன் பெயர்களை நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் நுழைவாயிலில், வருகைப் பதிவு இயந்திரத்தை ஒட்டி அந்தப் பலகை மாட்டப்பட்டிருந்தது. வரலாறு, பிறந்தநாள், விளையாட்டு என மூன்று கட்டங்கள். உலகத்தில் அந்தத் தேதியில் நிகழ்ந்தவற்றை இரண்டு ஓரக் கட்டங்களிலும், அன்று பிறந்த பெரியோர்களோடு தொழிலாளர் பெயர்களையும் சேர்த்து நடுக் கட்டத்திலும் எழுதுவது, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் அவர் தாமாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. மற்ற நாள்களில் நடுக் கட்டத்தில் ஒருவர் பெயர் இருக்கும். பல நாள்களில் அதுவும் இராது. ஜூன் முதல் தேதியன்று மட்டும் கல்யாணப் பந்திபோல் கூட்டம் நெரியும். பிள்ளையைச் சேர்க்க வந்த தாய்க்குப் பிறந்த தேதி சொல்லத் தெரியாதபோது, பள்ளி திறக்கும் நாளையே பிறந்தநாளாகப் பதிந்துகொண்ட தலைமையாசிரியர்கள் அக்காலத்தில் ஊர்தோறும் இருந்தார்கள். அப்பிள்ளைகள் வளர்ந்து, ஏர் பிடித்த வீடுகளிலிருந்து ஆலைக்கு வந்தபோது, அந்தத் தேதியையும் உடன்கொண்டு வந்துவிட்டார்கள். தொழிற்சாலையில் அவர்களுக்கு 'வாத்தியார் பெத்த புள்ளைங்க' என்று பெயர். நிர்வாகமும் சிக்கனமாக, அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கேக் வாங்கிக் கொடுத்துவிடும்.

பட்டியலின் கடைசியில் தம் பெயரையும் எழுதிவிட்டு ஆதிகேசவன் கையைத் தட்டிக்கொண்டார். சான்று இல்லாத ஒன்றை அவர் பலகையில் ஏற்றியதில்லை. கைப்பேசியில் வரும் செய்திகளைக் காட்டி எழுதச் சொல்பவர்களிடம், "எந்தப் புக்குல கீதுன்னு காட்டு, எழுதுறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் தம் கையாலேயே ஆண்டுக்கொருமுறை ஒரு பொய்யை எழுத வேண்டியிருந்தது. கேக் வெட்டும்போது அவர் பின்வரிசையில்தான் நிற்பார். தமக்கென்று ஒரு நாள், அது எவ்வளவு அற்பமான நாளாக இருந்தாலும் சரி, மெய்யான நாளாக வேண்டும் என்பது அவர் யாரிடமும் சொல்லாத ஆசை.

அன்று மதியம் கேன்டீனில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கலியன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சோறு பரிமாறிக்கொண்டிருந்த ஞானம்மாவைப் பார்த்து, "இன்னாக்கா, ஒன் தம்பியும் வாத்தியார் பெத்த புள்ளதானா?" என்றான்.

ஞானம்மா ஆதிகேசவனுக்கு எட்டு வயது மூத்தவள். தாய் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கரண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"போடா டேய்! என் தம்பி பொறந்தப்போ ஊரே வெடி வெச்சுது, தெரியுமா?"

மேசை முழுதும் சிரித்தது. ஆதிகேசவனும் புன்னகை செய்தார். சிறு வயது முதல் கேட்ட கதைதான் அது. தாயில்லாப் பிள்ளைக்கு அக்காள் ஊட்டிய இனிப்பான பொய் என்றே அதை அவர் எண்ணியிருந்தார். கூலி வேலை செய்தவர் வீட்டில் பிள்ளை பிறந்ததற்கு யார் வெடி வைப்பார்கள்?

ஞானம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்யின்றீங்களா? ராவுல அம்மாவுக்கு வலி வந்துட்ச்சுன்னு மருத்துவச்சியக் கூப்புட ஓடுனேன். ஊர்த்தெருவத் தாண்டித்தான் போவணும். எப்பவும் அங்க நம்மள நிக்க உட மாட்டாங்க. அன்னிக்கு எவனும் என்னப் பாக்கல. அம்மாம் பேரும் ரேடியோவச் சுத்தி நின்னுக்கினு இருந்தாங்க. மருத்துவச்சியக் கூட்டிக்கினு திரும்பி வரேன், ஒரே கூச்சல், ஒரே வெடி! எவரோ ஒருத்தர் என் கையில ஒரு புடி சக்கரய வெச்சாரு. அத மூடிக்கினு ஊட்டுக்கு ஓடியாந்தா, இவன் கத்திக்கினு கீறான். அந்தச் சக்கரயத்தான் தண்ணில கரச்சி இவன் நாக்குல சேனை வெச்சோம்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஆதிகேசவனின் கை நின்றது. ரேடியோவை அவள் இதற்கு முன் சொன்னதே இல்லை.

"எந்த மாசம்க்கா?"

"ஆனி. இந்திரா அம்மா செத்தாங்களே, அதுக்கு முந்துன வருசம்."

ஆண்டுதோறும் ஜூன் இருபத்தைந்தாம் தேதி தாமே எழுதும் வரி அவர் கண்முன் வந்து நின்றது. 1983: உலகக் கோப்பைக் கிரிக்கெட் போட்டியில் இந்தியா வென்றது. இத்தனை ஆண்டுகளாகத் தம் பிறந்தநாளைத் தாமே எழுதித் தாமே அழித்துவந்திருக்கிறார்! மகிழ்ச்சியில் அவருக்கு விக்கல் வந்துவிட்டது. ஞானம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

தண்ணீர் உள்ளே இறங்கியதும் மகிழ்ச்சியின் அடியில் ஒரு கலக்கம் தட்டுப்பட்டது. அந்தத் தெருவில் நிற்கவும் உரிமையற்ற ஒரு சிறுமி, ஊரே கூடித் தன் தம்பியை வரவேற்றது என்று நம்பிவிட்டாள். அந்த நம்பிக்கையோடுதான் அவனை இடுப்பில் சுமந்தாள். களை பறித்துப் படிக்க வைத்தாள். வெடி எதற்கென்று அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. இப்போது தமக்கு ஒரு நாள் வேண்டுமென்றால், அக்காளிடமிருந்து அந்த வெடிகளைப் பறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மூன்று வாரங்களும் இதே நினைவாக இருந்தார். வருகைப் பதிவைக் கவனிக்கும் நேர அலுவலகத்து ஹெலனிடம் மட்டும் சொன்னார். அவள் கணினியிலிருந்து தலையைத் திருப்பி, "ரெக்கார்டுல ஜூன் ஒன்னுதாண்ணே. அத என்னால மாத்த முடியாது. ஆனா போர்டு உங்க கைல கீது. சான்று கேட்டீங்கன்னா, அக்காவவிட இன்னா சான்று வேணும்?" என்றாள்.

இருபத்தைந்தாம் தேதி வந்தது. வரலாற்றுக் கட்டத்தில் 1975-இன் நெருக்கடிநிலைப் பிரகடனத்தை எழுதினார். விளையாட்டில், 1932-இல் இந்தியா ஆடத் தொடங்கிய முதல் டெஸ்ட் போட்டியையும், அதன் கீழே 1983-ஐயும் எழுதினார். நடுக் கட்டத்தில் முன்னாள் பிரதமர் வி. பி. சிங். அதற்குக் கீழே சாக்பீஸ் வெகுநேரம் தயங்கியது. பின்பு, 'ஆதிகேசவன், ஸ்டோர்ஸ்' என்று எழுதினார்.

"யோவ், பிரதமர் பக்கத்துல குந்திக்கினு கீறியே!" என்று கலியன் கூவினான். விவரம் கேட்டு ஆட்கள் கூடினார்கள். அதற்குள் யாரோ கேன்டீனுக்கு ஓடிச் சொல்லிவிட்டார்கள் போலும். எப்போதும் காய்கறி வண்டியோடு பின்வாசல் வழியாகவே வந்துபோகும் ஞானம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி முன்வாசலுக்கு வந்து நின்றாள்.

அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முதலில் தம்பியின் பெயரைப் படித்தாள். பிறகு பார்வை பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. உதடுகள் அசைவதை ஆதிகேசவன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தி மூணு..." என்று அவள் இழுத்தாள். "அன்னிக்குத்தானாடா?"

"ஆமாக்கா."

"அப்போ அந்த ரேடியோ..."

"அதாங்க்கா."

கலியனுக்குக்கூடச் சிரிக்கத் தோன்றவில்லை. ஞானம்மா அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பின்பு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களாடா? என் தம்பி பொறந்தான், கப்பே கெலிச்சிட்டாங்க!"

வாசல் அதிர்ந்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கேன்டீனிலிருந்து எடுத்து வந்திருந்த சர்க்கரையை உள்ளங்கையில் கொட்டினாள். "வாயத் தொற நைனா" என்றாள். நரை விழுந்த மீசையோடு, அத்தனை பேர் நடுவில், ஆதிகேசவன் வாயைத் திறந்தார்.

கலியனுக்கு அதற்குள் பழைய தெம்பு வந்துவிட்டது. "ஒரு பேஜாரு கீது. மேட்சு வெளிநாட்டுல சாயந்தரம் முடிஞ்சாலும், நமக்கு அது நடுராத்திரிய ஒட்டி. நீ பொறந்தது இருவத்தஞ்சா, இருவத்தாறா? சான்று இன்னா?"

"வெடியும் இவனும் ஒண்ணாத்தாண்டா கத்துனாங்க. ரெண்டு நாளும் என் தம்பிதுதான், போ!" என்று சொல்லிவிட்டு ஞானம்மா சோற்று உலையைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலை, முதல் ஷிப்டுக்கு ஆட்கள் வருமுன், ஆதிகேசவன் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு பலகைமுன் நின்றார். நெருக்கடிநிலை அழிந்தது. முதல் டெஸ்ட் அழிந்தது, கோப்பை அழிந்தது, பிரதமரும் போனார். நடுக் கட்டத்தின் அடியில் வந்தபோது துணி நின்றது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பின்பு துணியை ஒரு விரலில் சுற்றிக்கொண்டு, தூங்கும் பிள்ளையைச் சுற்றித் தரை துடைப்பவர்போல, அந்தப் பெயரின் ஓரங்களை மட்டும் மெல்லத் துடைக்கலானார்.